குற்றம் குட்டு மாவில் இல்லை

சென்னையில் வசிக்கும் ஒரு தாய் நான்கு பக்கங்களுக்கு எழுதிய கடிதத்தை, பெயரையும் அடையாளங்களையும் நீக்கிச் சுருக்கித் தருகிறேன். அவருடைய ஒன்பது வயது மகளுக்கு இரண்டு ஆண்டுகளாக வயிற்று உப்புசமும், மாத்திரை கொடுத்தும் தீராத ரத்தசோகையும் இருந்தன. உயரமும் எடையும் வயதுக்கேற்பக் கூடவில்லை. எட்டு மாதங்களுக்கு முன் ரத்தப் பரிசோதனையும் எண்டோஸ்கோப்பியும் செய்து, சீலியாக் நோய் (கோதுமை போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் சேதமடையும் நோய்) என்று உறுதிசெய்திருக்கிறார்கள். அன்று முதல் கோதுமை, மைதா, ரவை, சேமியா எதுவும் அவளுக்குத் தருவதில்லை. சோறும் இட்லியும் தோசையும் இருக்கிற வீட்டில் அவள் பசியோடு இல்லை. ஆனாலும் பள்ளியில் யாருக்காவது பிறந்தநாள் என்றால், கொடுத்த கேக்கைச் சாப்பிடாமல் டப்பாவில் வைத்துக்கொண்டு அழுதபடி வீட்டுக்கு வருகிறாள்.

பக்கத்து வீட்டு ராஜஸ்தானிப் பெண்மணி, நவராத்திரி விரதத்தில் தாங்கள் பயன்படுத்தும் குட்டு மாவைப் பற்றிச் சொன்னார். ஆங்கிலத்தில் 'பக்வீட்' எனப்படும் விதையின் மாவு அது. நம் சகோதரி சௌகார்பேட்டையில் முதலில் பாக்கெட் மாவாகவும், கடந்த மூன்று மாதங்களாக விலை குறைவு என்பதால் உமி நீக்கிய முழு விதையாகவும் வாங்கி, தெருமுனை மாவு மில்லில் அரைத்துப் பயன்படுத்துகிறார். அந்த மாவில் செய்த பிரெட் செங்கல்போல் இறுகி, வெட்டினால் உதிர்ந்து, சற்றுக் கசக்கவும் செய்திருக்கிறது. இதற்கிடையில், ஐந்தாம் மாதப் பரிசோதனையில் பாதியாகக் குறைந்திருந்த டிடிஜி எதிர்ப்பொருள் அளவு (சீலியாக் நோயைக் கண்காணிக்க ரத்தத்தில் பார்ப்பது), எட்டாம் மாதத்தில் அங்கேயே நிற்கிறது. 'பக்வீட்' என்ற பெயரிலேயே கோதுமை இருக்கிறது, அந்த மாவுதான் காரணம் என்கிறார் மாமியார். புளிக்கவைத்த கோதுமை பிரெட்டில் குளூட்டன் இருக்காது, அதையே கொடுக்கலாம் என்கிறார் நாத்தனார். எதற்கும் இருக்கட்டும் என்று ஆறு வயது மகனுக்கும் கோதுமையை நிறுத்திவிட்டார் நம் சகோதரி. குட்டு மாவு நல்லதா, பிரெட் ஏன் வரவில்லை, கேக் நன்றாக வந்தால் மற்றவர்களுக்கும் செய்து விற்கலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

உணவியல் ஆலோசகராக உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் தேர்ந்தெடுத்த மாவில் தவறில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மாவு உங்கள் மகளின் தட்டுக்கு வந்து சேரும் வழியில்தான் தவறு நேர்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன். அந்த வழியைச் சரிசெய்வது பெரிய செலவில்லாமல், இந்த வாரத்திலேயே உங்களால் முடிகிற காரியம்.

பெயரில் மட்டுமே கோதுமை

உங்கள் மாமியாரின் அச்சம் பேத்தியின் மேலுள்ள அக்கறையில் பிறந்தது. பெயரைக் கேட்கிற எவருக்கும் அந்தச் சந்தேகம் வரும். ஆனால் பக்வீட் கோதுமைக்கு எந்த வகையிலும் உறவில்லாத செடி. கோதுமை, பார்லி, ரை ஆகியவை புல் குடும்பத்தைச் சேர்ந்தவை. பக்வீட்டோ நம் ஊர்ச் சந்தையில் கிடைக்கும் புளிப்பான சுக்கான் கீரையின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் மூன்று மூலை விதை, ஐரோப்பாவின் பீச் மரக் கொட்டையைப் போலிருந்ததாலும், அதை அரைத்துக் கோதுமையைப்போல் பயன்படுத்தியதாலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சீலியாக் நோயைத் தூண்டும் குளூட்டன் புரதம் அந்த விதையில் இல்லை. மாமியாரிடம் சுக்கான் கீரையின் உறவு என்று சொல்லிப் பாருங்கள். தாவரவியல் விளக்கத்தைவிட அது எளிதில் புரியும்.

சத்திலும் அது குறைந்ததில்லை. 100 கிராம் முழு பக்வீட் மாவில் ஏறத்தாழ 12 கிராம் புரதமும், 10 கிராம் நார்ச்சத்தும், 4 மில்லிகிராம் இரும்பும் உண்டு. தானியங்களில் பொதுவாகக் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலமும் இதில் நன்றாகவே இருக்கிறது. கடையில் 'குளூட்டன் இல்லாதது' என்று விற்கும் பல பிஸ்கட்டுகள் வெறும் மாவுச்சத்தும் சர்க்கரையுமாக இருப்பதால், வளரும் குழந்தைக்குக் குட்டு மாவு அவற்றைவிட மேலானது. ஆனாலும் இதில் இரும்பு இருக்கிறதென்று மருத்துவர் கொடுத்த இரும்பு மருந்தை நிறுத்திவிடாதீர்கள். குடலுறிஞ்சிகள் முழுவதும் ஆறும்வரை உணவிலுள்ள இரும்பு உடலில் சேர்வது குறைவு.

ஒரே ஓர் எச்சரிக்கை உண்டு. குளூட்டனுக்குச் சம்பந்தமில்லாமல், பக்வீட்டுக்கே சிலருக்குக் கடும் ஒவ்வாமை உண்டு; பக்வீட்டில் செய்யும் சோபா நூடுல்ஸை விரும்பி உண்ணும் ஜப்பானில், பக்வீட் சேர்ந்த உணவுப் பொட்டலங்களில் அதைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. உங்கள் மகள் மாதக்கணக்கில் சாப்பிட்டு, தோல் தடிப்போ உதட்டு வீக்கமோ மூச்சிரைப்போ வரவில்லை என்பதால் அவளைப் பற்றிக் கவலையில்லை. வேறு யாருக்காவது முதன்முறையாகக் கொடுக்கும்போது ஒரு சிறு துண்டோடு தொடங்குங்கள். அந்த அறிகுறிகளில் எது தோன்றினாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

மாவு மில்லில் நடப்பது

உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம், 'தெருமுனை மாவு மில்' என்ற சொற்கள். எதிர்ப்பொருள் அளவு இயல்புக்கு வர ஓராண்டு, சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். எட்டு மாதத்தில் இன்னும் இயல்பாகவில்லை என்பதற்காக மட்டும் நான் பதற மாட்டேன். ஆனால் நன்றாகக் குறைந்துகொண்டிருந்த அளவு நின்றுபோன அதே மூன்று மாதங்களில்தான் நீங்கள் மில்லில் அரைக்கத் தொடங்கியிருக்கிறீர்கள்.

ஒரு கணக்கைப் பாருங்கள். உங்களுக்கு முன்னால் வந்தவர் கோதுமை அரைத்துப் போயிருக்கிறார். இயந்திரத்தின் கல்லிடுக்கிலும், மாவு விழும் துணிக்குழாயிலும் ஒரு 20 கிராம் கோதுமை மாவு ஒட்டியிருந்து உங்கள் 2 கிலோ குட்டு மாவில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். கோதுமை மாவில் ஏறத்தாழ 8 முதல் 10 விழுக்காடு குளூட்டன். அப்படியானால் உங்கள் மாவில் கிலோவுக்கு 800 முதல் 1,000 மில்லிகிராம் குளூட்டன் சேர்ந்துவிடுகிறது. 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதிக்கும் உச்ச அளவு கிலோவுக்கு 20 மில்லிகிராம்தான். உங்கள் மகள் அந்த மாவில் நாளுக்கு 50 கிராம் சாப்பிட்டாலே 40, 50 மில்லிகிராம் உள்ளே போகிறது. சீலியாக் நோயாளிகள் மூன்று மாதம் தினமும் 50 மில்லிகிராம் உட்கொண்டபோதே குடலில் சேதம் தெரிந்தது என்று ஆய்வு காட்டியிருக்கிறது. தினமும் 10 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால்தான் பெரும்பாலானவர்களுக்குத் தீங்கில்லை என்று கருதுகிறோம். ஒரு துண்டு சாதாரண பிரெட்டில் 2 கிராமுக்குக் குறையாமல் குளூட்டன் இருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், 10 மில்லிகிராம் எவ்வளவு சிறிய துகள் என்பது புரியும். மில்காரரிடம் முதலில் கொஞ்சம் அரிசி போட்டு ஓட்டச் சொல்வதும் இதற்குப் போதாது.

ஆகவே மில்லை இன்றோடு விட்டுவிடுங்கள். உமி நீக்கிய பக்வீட் விதை மென்மையானது. வீட்டு மிக்ஸியிலேயே நன்றாக அரைபடும். விதையை முறத்தில் போட்டுப் புடைத்து, கையால் பொறுக்குங்கள். அது மூன்று மூலையுள்ளது. கோதுமையோ நடுவில் கோடு விழுந்து நீண்டிருக்கும். வயலிலோ கிடங்கிலோ கலந்த கோதுமை மணி இருந்தால் கண்ணுக்கு உடனே தெரியும். மாவாக வாங்கும்போது இந்த வசதி கிடையாது. பொறுக்கிய விதையை ஒருமுறை விரைவாகக் கழுவி (நேரம் போனால் வழவழக்கும்), புதிய துணியில் உலர்த்தி, இதற்கென்றே வாங்கிய மிக்ஸி ஜாரில் அரைத்து, இதற்கென்றே வைத்த சல்லடையில் சலியுங்கள். நேரமில்லாத மாதங்களில், 'குளூட்டன் இல்லாதது' என்ற குறிப்பும் ஆணையத்தின் உரிம எண்ணும் உள்ள பாக்கெட்டை மட்டும் வாங்குங்கள். விரத மாவு என்று விற்கப்படுவதாலேயே அதில் கோதுமை கலக்கவில்லை என்று நம்பிவிட முடியாது. விரதம் இருப்பவருக்குச் சிறு கலப்பு உடலைப் பாதிக்காது, உங்கள் மகளைப் பாதிக்கும்.

வீட்டுக்குள்ளும் இரண்டு மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். மற்றவர்களுக்குச் சப்பாத்தி இடும் மரப்பலகை, உருட்டுக்கட்டை, சப்பாத்தி சுடும் கல், கோதுமை சலிக்கும் சல்லடை இவற்றை எவ்வளவு தேய்த்தாலும் மகளுக்குப் பயன்படுத்த வேண்டாம். அடுத்தது பெருங்காயம். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவு அல்லது மைதா சேர்ந்திருக்கிறது. ஒரு சிட்டிகையில் போகிற அளவு மிகக் குறைவுதான். அதை முதல் காரணமாக நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் சாம்பார், ரசம் என்று தினமும் இருவேளை சேர்கிற பொருள் என்பதால், அரிசி மாவு சேர்த்துச் செய்த பெருங்காயமாகப் பார்த்து வாங்கிவிடுங்கள். பாலில் கலக்கும் மால்ட் பானங்களில் பார்லியோ கோதுமையோ இருப்பதால் அவையும் கூடாது.

நாத்தனார் சொன்ன புளித்த கோதுமை பிரெட்டைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. புளிப்பில் குளூட்டன் ஓரளவு சிதையும், ஆனால் மறையாது. சீலியாக் உள்ளவருக்கு அது ஆபத்தானதே.

பிசையும் மாவு அல்ல, கரைக்கும் மாவு

இப்போது பிரெட்டுக்கு வருகிறேன். நீங்கள் கோதுமை மாவுக்குப் பதில் அதே அளவு குட்டு மாவைப் போட்டு, அதே தண்ணீரில் பிசைந்து, இரண்டு முறை உப்பவைத்திருக்கிறீர்கள். கோதுமையைப் பிசையும்போது குளூட்டன் ஒரு மீள்தன்மையுள்ள வலையாகி, ஈஸ்ட் விடும் காற்றைப் பிடித்துவைக்கிறது. குட்டு மாவில் அந்த வலை இல்லை. எவ்வளவு பிசைந்தாலும் அது வராது. காற்று வெளியேறிவிடும், மாவு தண்ணீர் போதாமல் வறண்டு இறுகும். உங்கள் கைப்பக்குவத்தில் குறையில்லை. அந்த மாவிடம் இல்லாததை அதனிடம் கேட்டுவிட்டீர்கள்.

இந்த விதையோடு தலைமுறைகளாக வாழ்கிற ஊர்களைப் பாருங்கள். பிரான்சின் பிரிட்டனி பகுதியில் இதைக் கரைத்து நம் தோசைபோல் மெல்லிய கலெட் வார்க்கிறார்கள். பூட்டானின் பும்தாங் பள்ளத்தாக்கிலும் கல்லில் ஊற்றிச் சுடும் அடைபோன்ற பண்டம்தான். நேபாள மலைக்கிராமங்களில் களியாகக் கிண்டுகிறார்கள். இத்தாலியின் தென் டிரோலில் கொட்டைப்பருப்புப் பொடி சேர்த்துக் கேக் செய்கிறார்கள். அவர்கள் யாரும் இதை மட்டும் வைத்து உயரமாக உப்பிய பிரெட் செய்ய முயலவில்லை. (சோபா நூடுல்ஸ் பாக்கெட்டைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், அதில் பெரும்பாலும் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ கோதுமை இருக்கும்.)

கரைத்து, புளிக்கவைத்து, வேகவைப்பது நமக்குப் புதிதல்ல. இட்லி மாவு அறிந்த கைக்குக் குட்டு பிரெட் கடினமே இல்லை. 500 கிராம் விதையை ஐந்தாறு மணி நேரம் ஊறவைத்து, வழவழத்த நீரை வடியவிடுங்கள். ஆனால் விதையை அலசிவிடாதீர்கள், அந்த வழவழப்புத்தான் இங்கே பசை. சுமார் 300 மில்லி தண்ணீர் விட்டு இட்லி மாவைவிடச் சற்று நைசாக அரைத்து, மூடி வையுங்கள். சென்னை வெயிலில் 8 முதல் 12 மணி நேரத்தில் குமிழிட்டுப் பொங்கும். உப்புச் சேர்த்து, அதிகம் கலக்காமல், எண்ணெய் தடவிய டின்னில் ஊற்றி, 180 டிகிரியில் ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரம் வேகவிடுங்கள். அடர்த்தியான, புளிப்பு வாசமுள்ள பிரெட் கிடைக்கும். எனக்குத் தனிப்பட்ட முறையில் இதுவே பிடித்தமானது.

மகள் பழைய பேக்கரி பிரெட்டின் மென்மையைக் கேட்டால், குட்டு மாவைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். குட்டு மாவு 200 கிராம், அரிசி மாவு 100, மரவள்ளி ஸ்டார்ச் 100, ஈஸ்ட் 7, சர்க்கரை 10, உப்பு 7 கிராம், எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. பசைக்கு 20 கிராம் இசப்கோல் உமி. மருந்துக் கடையில் சர்க்கரையோ வாசனையோ சேர்க்காததைக் கேளுங்கள். இசப்கோலை முதலில் 430 மில்லி தண்ணீரில் போட்டுப் பத்து நிமிடம் கூழாக்கி, மற்றவற்றோடு கலந்தால், பிசையும் பதத்துக்கு வராமல் கெட்டியான வடை மாவுபோல் இருக்கும். அதுதான் சரியான பதம். பயந்து மேலும் மாவு சேர்க்காதீர்கள். ஒரே ஒரு முறை, டின்னிலேயே, மூன்றில் ஒரு பங்கு உயரும்வரை விட்டு, 200 டிகிரியில் 50 முதல் 60 நிமிடம். முழுவதும் ஆறும் முன் வெட்டாதீர்கள். சூட்டில் உள்ளிருக்கும் ஸ்டார்ச் இறுகியிருக்காது, கத்தியில் பசைபோல் ஒட்டும். இரண்டு மணி நேரமாவது பொறுக்க வேண்டும். இசப்கோல் நார்ச்சத்து என்பதால் முதல் வாரம் ஒரு துண்டு, பிறகு இரண்டு என்று கூட்டி, தண்ணீரும் நிறையக் கொடுங்கள். இல்லையென்றால் வரும் வயிற்று உப்புசத்தைப் பார்த்து நோய் திரும்பிவிட்டதென்று கலங்கிப்போவீர்கள்.

கசப்புக்குக் காரணம் பெரும்பாலும் பழைய மாவு. குட்டு மாவில் எண்ணெய்ச்சத்து உண்டு. அரைத்த பின் சென்னையின் வெக்கையில் சிக்கெடுத்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் குளிர்பெட்டியில் வைத்து, சிறிது சிறிதாக அரைத்துக்கொள்ளுங்கள். சிக்கு வாசமோ பூஞ்சையோ இருந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள். நவராத்திரி நாட்களில் கெட்டுப்போன குட்டு மாவை உண்டு வட மாநிலங்களில் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட செய்திகள் அவ்வப்போது வருகின்றன.

மகனுக்குச் செய்ய வேண்டியது

இது மாவைப் பற்றியதல்ல என்றாலும், உங்கள் கடிதத்தில் உடனே திருத்த வேண்டியது இதுவே. சீலியாக் உள்ளவரின் உடன்பிறந்தோருக்கும் பெற்றோருக்கும் அந்த நோய் இருக்கும் வாய்ப்பு 100 பேரில் ஏறத்தாழ 5 முதல் 10 பேர் வரை. ஆகவே உங்கள் மகனையும் உங்கள் இருவரையும் பரிசோதிப்பது அவசியம். ஆனால் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அந்த ரத்தப் பரிசோதனை உண்மையைக் காட்டும். கோதுமையை நிறுத்திவிட்டுப் பரிசோதித்தால், நோய் இருந்தாலும் இல்லையென்று வரக்கூடும். நல்லெண்ணத்தில் நீங்கள் செய்த காரியம் அவனுடைய நோயை மறைத்துவிடலாம். மகளைப் பார்க்கும் குடல் மருத்துவரிடம், எந்த நாளிலிருந்து நிறுத்தினீர்கள் என்பதைச் சொல்லி, எத்தனை வாரம் மீண்டும் கோதுமை கொடுத்த பிறகு பரிசோதிக்கலாம் என்று கேளுங்கள். அந்த வாரங்களில் அவனுடைய சப்பாத்தி தனிக் கல்லில், மகளின் பாத்திரங்களுக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

கேக்கும் விற்பனையும்

கேக்கில் குட்டு மாவு உங்களைக் கைவிடாது; முட்டை தாங்கிக்கொள்ளும். தென் டிரோல் முறைப்படி வெண்ணெய், சர்க்கரை, குட்டு மாவு, வறுத்துப் பொடித்த பாதாமோ முந்திரியோ ஒவ்வொன்றும் 125 கிராம், முட்டை மூன்று, பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி. வெள்ளைக்கருவைத் தனியே நுரைக்க அடித்துக் கடைசியில் சேர்த்து, 175 டிகிரியில் 40 நிமிடம் வையுங்கள். குழந்தைக்கு மண்வாசம் பிடிக்காவிட்டால் இரண்டு மேசைக்கரண்டி கோகோ போதும். பேக்கிங் பவுடர் டப்பாவில் சேர்ந்திருப்பது மக்காச்சோள ஸ்டார்ச்சா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விற்பனையைப் பற்றி என் கருத்து, இப்போது வேண்டாம் என்பதே. வீட்டிலிருந்து விற்பதற்கும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு வேண்டும். அதைச் செய்வது எளிது. ஆனால் 'குளூட்டன் இல்லாதது' என்று எழுதி விற்றால், அந்த 20 மில்லிகிராம் எல்லைக்கு நீங்கள் சட்டப்படி பொறுப்பாளி. அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதித்த அறிக்கை இல்லாமல் அந்தச் சொல்லை எழுதக் கூடாது. சப்பாத்தியும் செய்கிற ஒரே சமையலறையிலிருந்து அந்த உறுதியைத் தருவது கடினம். இன்னொரு தாயும் உங்களைப்போலவே அந்தச் சொல்லை நம்பித்தான் தன் குழந்தைக்கு வாங்குவார். தனி அடுக்களையும் தனிப் பாத்திரங்களும் அமையும்போது மறுபடியும் எழுதுங்கள். பதிவிலிருந்து பரிசோதனைவரை படிப்படியாகச் சொல்கிறேன்.

மில்லை நிறுத்திய நாளைக் குறித்துவைத்து, மூன்று நான்கு மாதங்களில் அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது மருத்துவரிடம் காட்டுங்கள். அப்போதும் அளவு குறையவில்லை என்றால் வேறு காரணம் தேட வேண்டியிருக்கும். அதற்கு முன், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கேக் செய்து, துண்டுகளாக்கித் தனித்தனியே சுற்றி உறைபெட்டியில் வையுங்கள். வகுப்பாசிரியரிடம் இந்த ஆண்டின் பிறந்தநாள் பட்டியலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வகுப்பில் யாருக்கும் கொட்டைப்பருப்பு ஒவ்வாமை இல்லைதானே என்றும் கேளுங்கள். அந்தந்த நாள் காலையில் ஒரு துண்டை வெளியே எடுத்து அவளுடைய டப்பாவில் வைத்தால், மற்ற பிள்ளைகள் சாப்பிடும் நேரத்துக்குள் அது மென்மையாகியிருக்கும்.